முகமூடிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

சக்தி எதுவும் இல்லாத சாதாரண ஆள், உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஊரைக் காக்கக் கிளம்புவது பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஆறு கடிதங்களுக்குத் தையல், சட்டம், முதலுதவி தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

எங்கள் பகுதியில் செயின் பறிப்பு அதிகமாகிவிட்டது. நண்பர்கள் நாலு பேர் கறுப்பு உடை, முகமூடியுடன் ராத்திரி ரோந்து போகலாம் என்று இருக்கிறோம். திருடனைப் பிடித்தால் சட்டப்படி சிக்கல் வருமா?
– கல்லூரி மாணவர், அயோத்தியாப்பட்டணம்

தம்பி, பிடிக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அது மிகச் சின்ன உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றத்தை உங்கள் கண் முன்னால் செய்தவரைத்தான் நீங்கள் பிடிக்கலாம். தேடப்படும் அறிவிக்கப்பட்ட குற்றவாளியையும் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

‘கண் முன்னால்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். “இவன்தான் போன வாரம் வந்தவன்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் போதாது. செயின் பறிப்பு, குற்றங்களுக்கான புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் தனிக் குற்றமாகவே வந்துவிட்டது. அதை நேரில் பார்த்தால் பிடிக்கலாம். ஆனால் கடையில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியவர் கதை வேறு. அது ஜாமீனில் விடக்கூடிய, போலீஸே வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத வகையில் வருகிறது. அவரைப் பிடித்து ஒரு அறையில் பூட்டி வைத்தால் சட்டவிரோத அடைப்பு என்று 127-வது பிரிவில் வழக்கு உங்கள் மேல் வரும். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

அடிப்பது இன்னொரு தவறு. தற்காப்பு உரிமை அதே நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயம் உண்டாக்கக் கூடாது, போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்று 37-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. செயினைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

முகமூடி இதற்கெல்லாம் எதிரி. நாலு கறுப்பு முகமூடிகள் ராத்திரி பதினொன்றுக்குத் தெருமுனையில் நின்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற பெண் முதலில் 112-க்குப் போன் செய்வது உங்களைப் பற்றித்தான். அவர் செய்வது சரியும்கூட. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகப்பட்டு அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்களும் ஊரைக் காக்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். சந்தேகத்தின் பேரில் கை நீட்டுவதில்லை என்ற முடிவை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நாலு பேரும் எடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக் கொதிப்பில் அப்படியொரு முடிவு எடுக்க வராது.

உங்களால் முடிகிற, போலீஸுக்குப் பெரிய உதவியாக இருக்கிற வேலை சரியாகப் பார்ப்பது. பறித்துப் போகிற வண்டியின் நம்பர் பிளேட் பெரும்பாலும் போலியாக இருக்கும். நம்பரைப் பாருங்கள், அதோடு நிற்காதீர்கள். ஹெல்மெட்டின் நிறம், பின்னால் உட்கார்ந்தவரின் செருப்பு, சைலன்சர் பக்கம் உள்ள கீறல், எந்த ரோட்டில் திரும்பினார்கள் என்பதையும் பாருங்கள். சட்டையை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், செருப்பை மாற்ற யாருக்கும் தோன்றாது. ஒருவர் 112-க்குப் பேச, இன்னொருவர் பறிகொடுத்தவருடன் இருக்கட்டும். இழுபட்டு விழுந்தவருக்குக் கழுத்திலும் முழங்கையிலும் காயம் இருக்கும். வீடியோ எடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், நீதிமன்றத்தில் அதன் மதிப்பு குறையும். எடுத்த போனிலேயே இருக்கட்டும்.

முறையாகச் செய்ய ஆசை இருந்தால் ஊர்க்காவல் படைக்கு விண்ணப்பியுங்கள். பயிற்சியும் சீருடையும் தருகிறார்கள். காக்கி மாதிரி உடையை நீங்களே தைத்துப் போட்டுக்கொண்டு போலீஸ் என்று நம்ப வைத்தால் மட்டும் நியாய சன்ஹிதாவின் 204, 205 பிரிவுகள் பாயும்.

உடம்போடு ஒட்டிய சூப்பர் ஹீரோ டிரெஸ் ஒன்று ஆர்டர் வந்திருக்கிறது, குறும்படத்துக்கு. போன முறை தைத்தது முதல் நாளே கவட்டையில் பிய்ந்துவிட்டது. எங்கே தவறு?
– தையல் கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

அனேகமாக மூன்று இடத்தில்: துணி, அளவு, தையல்.

துணி நாலு பக்கமும் இழுபடும் லைக்ரா கலந்ததாக இருக்க வேண்டும். கடையிலேயே பார்த்துவிடலாம். நாலு இஞ்ச் தூரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். ஆறு இஞ்ச் வரை வர வேண்டும், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இப்படி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுபடும் பனியன் துணியில் தைத்தால் உட்காரும்போது கிழியும். கனம் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் இழுபடும் இடத்தில் உள்ளே இருப்பது தெரியும்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சுற்றளவை உடம்பை விடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். 36 இஞ்ச் மார்புக்கு 32½ இஞ்ச். நீளத்தில் அப்படிக் குறைக்கக் கூடாது. தோள் மேலிருந்து முன்பக்கமாக இறங்கி, கவட்டை வழியாகப் பின்பக்கம் ஏறி, அதே தோளுக்கு வரும் சுற்று ஒன்று உண்டு. பேன்ட் சட்டை தைப்பவர்கள் இதை எடுப்பதே இல்லை. நேராக நிற்கும்போது ஒரு முறையும், குனிந்து உட்காரும்போது ஒரு முறையும் எடுங்கள். முதுகுப் பக்கம் இரண்டு மூன்று இஞ்ச் நீளும். நின்ற அளவில் தைத்த உடை அந்த நீட்சி மொத்தத்தையும் கவட்டைத் தையலிலிருந்து வாங்குகிறது. உங்களுக்குப் பிய்ந்தது அதனால்தான். நின்ற அளவிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள். அக்குளிலும் கவட்டையிலும் டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு வைத்துத் தைத்தால், நாலு தையலும் ஒரே புள்ளியில் சேர்ந்து இழுபடுவது நின்றுவிடும்.

தையல்: நேர்த்தையல் போடாதீர்கள். துணி நீளும், நூல் நீளாது, அறுந்துவிடும். ஜிக்ஜாக் மெஷின் இருந்தால் அகலம் 1, நீளம் 2.5 மில்லிமீட்டர் வையுங்கள். பழைய கறுப்பு மெஷின்தான் என்றால் துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்து, பிறகு ஓவர்லாக் போடுங்கள். சாதாரண ஊசி லைக்ரா இழையைக் குத்தி அறுக்கும், தையல் விட்டு விட்டு விழும். ஸ்ட்ரெட்ச் ஊசி 75/11 வாங்குங்கள், நூல் பாலியஸ்டர். முதலில் வெட்டுத் துண்டில் பத்து இஞ்ச் தைத்துப் பதினாலு இஞ்ச் வரை இழுத்துப் பாருங்கள். ‘டப்’ என்று சத்தம் கேட்டால் மேல்நூல் இறுக்கத்தைக் குறைத்து மறுபடி தையுங்கள்.

இன்னொரு யோசனை. ஒரே உடையாகத் தைக்காமல் மேலே கீழே என்று இரண்டாகத் தைத்து, இடுப்புப் பெல்ட்டுக்கு அடியில் மறையுங்கள். படப்பிடிப்பில் இருப்பவர் பாத்ரூம் போக வேண்டுமென்றால் முதுகு ஜிப்பைத் திறந்துவிட ஆள் தேட வேண்டியிருக்காது. சித்திரை வெயிலில் சேலத்தில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு உள்ளே ஒரு பருத்திப் பனியனும், மணிக்கு ஒரு முறை நிழலில் உட்கார இடமும் வேண்டும். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. துவைக்கும்போது பிளீச்சிங் கூடாது, சூடான இஸ்திரி கூடாது. இரண்டும் லைக்ராவைக் கொன்றுவிடும்.

ஆறு வயது மகன் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு காம்பவுண்டு சுவரிலிருந்து குதிக்கிறான். அதட்டினால் கேட்பதில்லை.
– ஒரு தாய், சூரமங்கலம்

விளையாட்டை நிறுத்த வேண்டாம், கழுத்து முடிச்சை நிறுத்துங்கள், அம்மா. முடிச்சுப் போட்ட துண்டு கேட்டுக் கம்பியிலோ கொக்கியிலோ மாட்டினால் பிள்ளையின் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும். சட்டைத் தோளில் இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் நீளத்துக்கு வெல்க்ரோ தைத்து, அதில் துணியை ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஒரு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிட வேண்டும், அதுதான் சரியான பலம். துணி முழங்காலுக்கு மேலேயே முடியட்டும். அந்தத் துணியோடு சைக்கிளிலும் டூவீலரிலும் ஏற்றவே வேண்டாம். சக்கரத்திலும் செயினிலும் துப்பட்டா சிக்குவது போலவே இதுவும் சிக்கும்.

குதிப்பதற்கு உயரம் அவன் இடுப்பு அளவு, கீழே மணல். அதையே விதியாக வைத்துவிட்டால் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆடித் திருவிழா வண்டி வேடிக்கைக்குச் சாமி வேஷம் செய்து பழக்கம். இப்போது அதே கையால் ஹீரோ முகமூடி செய்தால் வெயிலில் ஒட்டு விட்டுப்போகிறது, போட்டவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை என்கிறார்.
– வேஷக் கலைஞர், அம்மாபேட்டை

நூறு பேர் பார்க்க வண்டியில் அசையாமல் நிற்கும் வேஷத்துக்கும், ஓடி ஆடும் வேஷத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. ஈவா ஃபோம் 5 மில்லிமீட்டர் சரியான கனம். ஒட்டுப் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, பத்து முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும், விரலில் வரக் கூடாது. அதன் பிறகு ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும், வெயில் பட்டதும் ஒட்டுப் பிளக்கும். இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். செய்து முடித்ததைப் பூட்டிய காருக்குள் மதிய வேளையில் வைக்காதீர்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை மேலாகக் காட்டி ஃபோமின் நுண்துளைகளை மூடச் செய்து, தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகாலை மூன்று நாலு பூச்சு கொடுங்கள். இல்லாவிட்டால் பெயின்டை ஃபோம் குடித்துவிடும், வளைத்த இடத்தில் வெடிக்கும்.

கண் துளைக்கு: போடுபவர் நேரே பார்க்க, இரண்டு கையையும் காதுக்குப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டச் சொல்லுங்கள். முகமூடி இல்லாமல் விரலாட்டம் தெரிகிறது, போட்டால் தெரியவில்லை என்றால் துளையின் வெளி ஓரத்தை அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே வாருங்கள். அடுத்து, தலையைக் குனியாமல் தன் கால் நுனி தெரிகிறதா என்று கேளுங்கள். முகமூடி போட்டவர்கள் விழுவது பெரும்பாலும் படிக்கட்டில்தான். வெளியிலிருந்து துளை பெரிதாகத் தெரிகிறது என்றால் கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டிவிடுங்கள். துளையும் தோலும் ஒன்றாகத் தெரியும். சாமி வேஷத்தில் நீங்கள் செய்வதுதான் இது.

காமிக்ஸ் எழுதுகிறேன். என் நாயகனுக்குச் சக்தி கிடையாது. மாடி விட்டு மாடி தாவுவான், பத்துப் பேரை அடிப்பான், காலையில் வேலைக்குப் போவான். எவ்வளவு நம்பலாம்?
– வாசகர், ஓமலூர்

மூன்று மீட்டர், அதாவது ஒரு மாடி உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். முழங்காலை மடக்கி அரை மீட்டர் தூரத்தில் அந்த வேகத்தை இறக்கினால், கால்கள் தாங்குவது உடல் எடையைப் போல ஏழு மடங்கு. காலை விறைப்பாக வைத்து ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் அறுபது மடங்கு. குதிகால் எலும்பும் முதுகுத் தண்டும் நொறுங்கும் கணக்கு அது. ஒரு முறை குதிப்பான் என்று எழுதுங்கள், நம்புவோம். ராத்திரி முழுக்கக் குதிப்பான் என்றால் மறுநாள் அவனால் பஸ் படி ஏற முடியாது.

வெறும் கையால் தலையில் குத்துகிறவனுக்கு முதலில் உடைவது சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள உள்ளங்கை எலும்பு. குத்துச்சண்டை வீரர்கள் கையில் துணி சுற்றிக் கையுறை போடுவது இதற்கும்தான். தலையில் ஒரே தட்டு, எதிரி அரை மணி நேரம் மயக்கம், பிறகு எழுந்து போகிறான் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். சில விநாடிக்கு மேல் நினைவு திரும்பாவிட்டால் அது மூளைக் காயம், ஆஸ்பத்திரிக் கேஸ். இதைப் படித்து வளரும் பிள்ளைகள் மயக்கம் என்பது தூக்கம் மாதிரி என்று நம்பிவிடுகிறார்கள்.

உங்கள் கதைக்கு நல்ல முடிச்சு ஒன்று சேலத்திலேயே இருக்கிறது. அடிதடிக் காயத்தோடு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போனால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும். கையில் கட்டுப் போட வேண்டியவன் தன் ரகசியத்தை எப்படிக் காப்பான்? பத்துப் பேரை அடிக்கும் காட்சியை விட அந்த ஓ.பி. சீட்டுக் காட்சிக்கு நாங்கள் அதிகம் பதறுவோம்.

ஏற்காட்டில் தங்கும் விடுதிகளில் வேலை செய்கிறோம். மலைப்பாதையில் வேகமாக வருபவர்களையும், பிளாஸ்டிக்கை வீசுபவர்களையும் திருத்த, ஹீரோ வேஷத்தில் வளைவுகளில் நிற்கலாமா? வெளிநாட்டில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?
– இளைஞர் குழு, ஏற்காடு

செய்திருக்கிறார்கள், அருமையாகவும் செய்திருக்கிறார்கள். மெக்சிகோ சிட்டியில் 1985 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடிழந்தவர்களும் வாடகைதாரர்களும் போராடியபோது, 1987-இல் சிவப்பு மஞ்சள் மல்யுத்த உடையில் ‘சூப்பர்பாரியோ’ என்று ஒருவர் வந்து, வீட்டைக் காலி செய்ய வருபவர்களின் முன்னால் நின்றார், ஊர்வலங்களை நடத்தினார். அதே நகரத்தில் பின்னால் ‘பியாட்டோனிட்டோ’ என்ற முகமூடிக்காரர் சாலையில் நடந்து போகிறவர்களுக்காக ஜீப்ரா கிராசிங்கில் இறங்கினார். கொலம்பியாவின் பொகோட்டாவில் மேயர் அன்டானஸ் மோக்கஸ் 1990-களில் தானே ‘சூப்பர் குடிமகன்’ உடை போட்டார். சாலை விதி மீறுபவர்களை நையாண்டி செய்து திருத்த மௌன நாடகக் கலைஞர்களைத் தெருவில் இறக்கினார். அமெரிக்காவின் சியாட்டிலில் ஃபீனிக்ஸ் ஜோன்ஸ் என்ற முகமூடிக்காரர் சண்டை விலக்கப் போய் மிளகு ஸ்பிரே அடித்து 2011 அக்டோபரில் கைதானார். கை நீட்டாதவர்களின் வேலைதான் நிலைத்தது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வேலைக்கு முகமூடி வேண்டாம். பனியில் ஆளில்லாத வளைவில் முகம் மூடியவரைக் கண்டால் குடும்பத்தோடு வருபவர் ஆக்சிலேட்டரைத்தான் மிதிப்பார். முகம் தெரியட்டும், உடை கண்ணைப் பறிக்கட்டும். பளீர் மஞ்சளோ ஆரஞ்சோ, ஒளிரும் துணி பகலிலும் அந்தி நேரத்திலும் நன்றாகத் தெரியும். ராத்திரியில் அது வேலை செய்யாது. ராத்திரிக்கு ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பும் 5 சென்டிமீட்டர் ரிஃப்ளெக்டர் பட்டை தேவை. அதை நெஞ்சில் மட்டும் ஒட்டினால் டிரைவர் கண்ணுக்கு அது ஒரு போர்டு. மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று அசையும் இடங்களில் சுற்றுங்கள். பட்டைகள் மனித நடையாக அசையும்போது ‘ஆள்’ என்று அவர் மூளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். முதுகில் தொங்கும் கேப் துணி வேண்டாம், பஸ் கடக்கும் காற்றில் இழுக்கும்.

நிற்கும் இடம் உயிர் விஷயம். சேலம் ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவின் உள் ஓரத்திலும் நிற்காதீர்கள். பஸ்ஸின் முன் சக்கரம் போகும் வழியில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டி வரும். வெளி ஓரத்திலும் வேண்டாம், கட்டுப்பாடு இழந்த வண்டி அங்கேதான் வந்து மோதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், டிரைவர் உங்களைப் பார்த்து, பிரேக் மிதித்து, காய்ந்த ரோட்டில் நிற்க 27 மீட்டர் அளவில் ஆகும். ஈர ரோட்டில் இறங்கும்போது 35 மீட்டரைத் தாண்டும். ஆகவே வளைவுக்கு 50 மீட்டர் முன்பே, நேரான பகுதியில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருவராக நில்லுங்கள். ரோட்டுக்குள் இறங்கி வண்டியை நிறுத்த வேண்டாம், அது உங்கள் அதிகாரத்தில் இல்லை. காவல் நிலையத்திலும் நெடுஞ்சாலைத் துறையிலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், காப்புக்காட்டு ஓரம் என்றால் வனத்துறையிடமும். இருட்டிய பிறகு நிற்காதீர்கள், ரிஃப்ளெக்டர் பட்டை வீடு திரும்பும் வழிக்குத்தான். காட்டெருமை ரோட்டைக் கடந்தால் டார்ச் அடித்துத் துரத்தாமல் ஒதுங்கிவிடுங்கள்.

பலகையில் ஒரே வாசகம், ஒரு சாண் உயர எழுத்தில்: ‘ஏறின கியரிலேயே இறங்குங்க’. பிரேக்கையே மிதித்து இறங்கினால் சூடேறிப் பிடிப்புப் போய்விடும் என்பது கீழ்நாட்டிலிருந்து வருகிற பலருக்குத் தெரியாது. ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதை இரண்டாவது பலகையில் எழுதுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு: 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வீசியவரைத் திட்டாதீர்கள். வண்டி நிற்கும் காட்சிமுனைகளில் வேஷத்தோடு போய், கையில் திறந்த சாக்குப் பையை நீட்டி நின்றால் போதும். குழந்தைகள் முதலில் போடுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பின்னாலேயே அப்பாவும் கார் கதவைத் திறப்பார்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பெரிய காட்டன் துணி இரண்டு, கையுறை, விசில், டார்ச். விபத்து நடந்தால் 108. ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை எடுக்காமல் பிடித்திருங்கள். மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மூச்சு இல்லை என்றால் கழுத்து அசையாமல் இருவராகக் கழற்றி, நெஞ்சின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவியவர் மேல் வழக்கு வரும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.